லாரிச் சாவியும் பாதிக் காபியும்

இண்டிகேட்டரைத் தட்டினான், வைப்பர் ஓடியது. ஆகஸ்ட் மாதத்தில், மஆன் என்ற பாலைவன ஊரில், வானத்தில் ஒரு பொட்டு ஈரத்துக்கும் வழியில்லாத காலை வேளையில், வைப்பரை ஆட்டிக்கொண்டு வந்த லாரியைப் பார்த்து ரவுண்டானாவில் நின்ற போலீஸ்காரர் சல்யூட் அடித்தார். மரியாதைக்கு அல்ல, கேலிக்கு.

ஸ்வைலிம் வைப்பரை நிறுத்தப் பார்த்தான்; முகப்பு விளக்கு எரிந்தது. விளக்கை அணைத்தான், இரண்டு கதவுகளும் தாமாகப் பூட்டிக்கொண்டன. சரி, ஓரங்கட்டித் தொலைப்போம் என்று பிரேக்கை மிதித்தால் ஹாரன் அலறியது. காலை எடுத்தால் அடங்கியது, மிதித்தால் மறுபடியும் அலறியது. ஒரு மேசையில் மனு கொடுத்தால் வேறு மேசைக்குக் கோபம் வருகிற அலுவலகங்களை அவன் பார்த்திருக்கிறான். ஆனால் அதற்கு டீசல் ஊற்றி வளர்த்ததில்லை. கடைசியாக எஞ்சினும் அணைந்தது. கதவு திறக்கவில்லை, கண்ணாடி இறங்கவில்லை. மன்ஸஃப் என்ற ஆட்டுக்கறிச் சோறு வளர்த்துக் கொடுத்த வயிற்றோடு, கூரையில் காற்றுக்கென்று வைத்திருக்கும் சின்னத் திறப்பு வழியாக அவன் பிதுங்கி வெளியே வந்ததை நாலைந்து பேர் வீடியோ எடுத்தார்கள். லாரி நகரவில்லை, வீடியோ மட்டும் மதியத்துக்குள் அகபா துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஸ்வைலிமை எல்லோரும் அபு ஆயித் என்பார்கள். ஆயித்தின் அப்பா என்று பொருள். ஆயித் இன்னும் பிறக்கவில்லை. ஆயித்தின் அம்மா யார் என்பதே முடிவாகவில்லை. இருந்தாலும் நாற்பதைத் தாண்டிய ஓர் ஆண்பிள்ளையை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அந்த ஊரில் மரியாதை இல்லை. அதனால் பிறக்காத மகனின் பெயரை முன்கூட்டியே ஒட்டவைத்து, முகத்துக்கு நேரே மரியாதையாகவும் முதுகுக்குப் பின்னால் சிரிப்பாகவும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

லாரியை இழுத்துக்கொண்டு போய் ஹிக்மத்தின் பட்டறையில் போட்டார்கள். ஹிக்மத் வண்டிகளுக்கு மின்சார வேலை பார்ப்பவன். அவனிடம் ஒரு பழைய லேப்டாப்பும், யாருக்கும் தெரியாத வழியில் வந்த ஒரு கேபிளும், எந்தப் பழுதுக்கும் முதலில் பெருமூச்சு விடும் பழக்கமும் இருந்தன. கேபிளைச் சொருகினான். திரையில் சிவப்பு வரிகள் வரிசையாக இறங்கின. பெருமூச்சு விட்டான்.

"பாடி கன்ட்ரோல் மாட்யூல் போச்சு, அபு ஆயித்."

"அது எங்க இருக்கு?"

"இதோ, டேஷ்போர்டுக்குக் கீழ. விளக்கு, ஹாரன், வைப்பர், கதவு, சாவி எல்லாத்துக்கும் இதுதான் எசமான். எஞ்சினுக்குப் பெரிய மூளை ஒண்ணு தனியா இருக்கு. இது சின்ன மூளை. உன் வண்டிக்கு இது கலங்கிப்போச்சு."

கருப்பு டப்பாவைக் கழற்றி மூடியைத் திறந்தான். பச்சைப் பலகையில் ஒரு மூலை கருகி, அடிப்பிடித்த பால் வாடை அடித்தது.

"என்ன செய்றது, ஐரோப்பாக்காரன் குளிருக்குன்னு செஞ்ச சாமான். நம்ம வெயில தாங்கல," என்றான் ஹிக்மத்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வெயில் மேல் பழியைப் போட்ட அதே ஹிக்மத்தான் பத்து நாளைக்கு முன்னால் அந்த லாரியின் முகத்தைச் சுற்றிக் கலர் விளக்குச் சரமும், ஏழு குழல் பாட்டு ஹாரனும் மாட்டிக் கொடுத்தவன். ஸ்வைலிமின் அக்கா மகன் பள்ளி இறுதித் தேர்வில் பாஸ் செய்திருந்தான். அந்த நாட்டில் ஒரு பையன் பாஸ் செய்தால் அதை ஊருக்கு அறிவிக்கும் பொறுப்பு ஹாரன்களுடையது. தனி வயர், தனி ஃபியூஸ் என்று மெனக்கெடாமல், எல்லாவற்றையும் மாட்யூலுக்குப் போகும் வயரிலேயே வெட்டிச் சேர்த்திருந்தான் ஹிக்மத். லாரி முன்னால் போக, இருபது வண்டிகள் பின்னால் வர, மதியம் தொடங்கிப் பொழுது சாயும் வரை ஏழு குழலும் ஓயவில்லை. பையன் பாஸ், மாட்யூல் ஃபெயில். இது ஸ்வைலிமுக்கும் தெரியும், ஹிக்மத்துக்கும் தெரியும். ஆனால் ஊரில் ஒரே ஒரு மின்சாரக்காரன்தான் இருக்கிறான் என்றால், வெயில்தான் காரணம் என்று ஒத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

"புதுசு கிடைக்குமா?"

"அம்மான் நகரத்துல ஏஜென்ட்டுகிட்ட கேட்டேன். ஐரோப்பாவுலேருந்து வர மூணு மாசமாம். பொறுமையா இருக்கச் சொன்னாங்க. பொறுமை மட்டும் ஸ்டாக்ல இருக்காம்."

மூன்று மாதம் பொறுக்க ஸ்வைலிமுக்கு வழியில்லை. அவன் பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு அகபாவுக்குப் போகிறவன். சுரங்கத்து வாசலில் லாரிகளுக்கு முறை உண்டு. முறை வரும் நாளில் எண்ணைக் கூப்பிடும்போது வண்டி வாசலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அந்த வருஷம் வரிசை அவ்வளவு நீளம். கடைசிக்குப் போனவன் குளிர்காலம் வரை பல்லிக்குத் தீனி போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். போதாததற்கு ஒப்பந்தக்காரர் தன் மச்சானுக்குப் புது லாரி வாங்கிக் கொடுத்து, எவன் எண் காலியாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்வைலிமின் முறை வருகிற ஞாயிற்றுக்கிழமை. மச்சானின் லாரி ஏற்கெனவே கழுவித் துடைத்து, வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பதாகக் கேள்வி.

ஹிக்மத் நாட்டிலுள்ள பழைய இரும்புக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டான். சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்தான். அந்தச் சிரிப்பு நல்லதுக்கு இல்லை என்று ஸ்வைலிமுக்குத் தெரியும்.

"உன் வண்டிக்கு அப்படியே பொருந்துற மாட்யூல் ஒண்ணே ஒண்ணு இருக்கு. ஜர்க்காவுல. அதே வருஷம், அதே மாடல்."

"அப்புறம் என்ன, வாங்கு."

"யாரோட லாரின்னு கேக்க மாட்டியா?"

"யாரோடது?"

"நவ்வாஷோடது."

ஸ்வைலிம் தலையில் கை வைத்துக்கொண்டான்.

நவ்வாஷும் அதே வழியில் ஓட்டியவன்தான். இரண்டு வருஷத்துக்கு முன்பு சுரங்கத்து வாசலில் ஸ்வைலிமின் முறையில் குறுக்கே புகுந்தான். கைகலப்பாகி, ஊர் பிரித்துவிட்டது. போன வசந்தத்தில் ராஸ் அந்நகப் இறக்கத்தில் நவ்வாஷின் லாரி பிரேக் பிடிக்காமல் பள்ளத்தில் உருண்டது. ஆள் ஒரு கீறலோடு தப்பினான். வண்டி இரும்புக்குப் போயிற்று. தப்பித்த மனிதனைப் பார்த்து ஆறுதல் சொல்ல ஊரே போனது. ஸ்வைலிம் மட்டும் டீக்கடையில் உட்கார்ந்து, "ஓட்டுறவன் மூஞ்சிய தினம் பாத்து அவமானம் தாங்காம லாரி தற்கொலை பண்ணிக்கிச்சு," என்றான். கடை சிரித்தது. அன்று இரவே அந்தப் பேச்சு நவ்வாஷின் வீட்டு வாசலில் போய் நின்றது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. இப்போது ஸ்வைலிமின் லாரி உயிர் பிழைக்க, தற்கொலை செய்துகொண்ட லாரியின் மூளை வேண்டும்.

"இரும்புக்காரன்கிட்டதானே வாங்கப் போறோம். நவ்வாஷுக்கு என்ன இதுல?"

"அங்கதான் இடிக்குது," என்றான் ஹிக்மத். சொல்லும்போது அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது. "சின்ன மூளை, பெரிய மூளை, சாவி, மூணும் ஒரே குடும்பம். சாவிக்குள்ள ஒரு சில்லு இருக்கு. அதப் பாத்தாத்தான் மாட்யூல் எஞ்சின விடும். ரெண்டு மூளையையும் இரும்புக்காரன் தந்துடுவான். சாவி அவன்கிட்ட இல்ல. இரும்புக்குப் போற வண்டிக்குச் சாவி எதுக்குன்னு நவ்வாஷ் கையோட வச்சுக்கிட்டானாம். வீட்டுல ஆணியில தொங்குதாம்."

"உன் லேப்டாப்பால புதுச் சாவி பழக்க முடியாதா?"

ஹிக்மத் பெருமூச்சு விட்டான். அதுவே பதில்.

ஸ்வைலிம் வேறு யாரையோ விட்டு நவ்வாஷுக்குப் போன் செய்யச் சொன்னான். நவ்வாஷ் முழுவதும் கேட்டுவிட்டு, "அவமானம் தாங்காம செத்த வண்டியோட சாவி. தொட்டா அவன் வண்டிக்கும் அந்தப் புத்தி வந்துடும், வேண்டாம்னு சொல்லு," என்று வைத்துவிட்டான். நியாயமான பதில்தான். அதனால்தான் ஸ்வைலிமுக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

விஷயம் அவனுடைய பெரியப்பா அபு கலஃபின் காதுக்குப் போயிற்று. எழுபதைத் தாண்டிய அபு கலஃப் நடமாடும் சபை. பெண் கேட்கவோ சமாதானம் பேசவோ பெரியவர்கள் கூட்டமாகப் போவதை அங்கே ஜாஹா என்பார்கள். மஆனில் எந்த ஜாஹா போனாலும் முதல் ஆளாக அபு கலஃப் போவார். உட்கார்ந்ததும் காபி வரும். அவர் குடிக்காமல் கோப்பையைத் தரையில் வைப்பார். வந்த காரியத்தைச் சொல்வார். சரி என்ற சொல் வந்த பிறகுதான் கோப்பை உதட்டுக்குப் போகும். காபி ஆறிப் போகிற வரை விருந்தாளியைக் காக்க வைத்தால் வீட்டுக்காரனுக்கு அசிங்கம். அந்த ஒரு மடக்குக் காபியை வைத்துக்கொண்டு அவர் முந்நூறு கல்யாணம் முடித்திருப்பதாகச் சொல்வார். சமாதானம் எத்தனை என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

"ஒரு சாவிதானே? நான் போய்க் கோப்பைய கீழ வச்சா எவன்டா இல்லைங்கிறது?"

"பெரியப்பா, லாரிச் சாவிக்கு யாராவது ஜாஹா போவாங்களா? ஊர் சிரிக்கும்."

"கூரை வழியா நீ பிதுங்கி வந்தத ஊரு பாத்தாச்சு. இனிமே சிரிக்க என்ன மிச்சமிருக்கு?"

வியாழக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு ஏழு பெரியவர்கள் இரண்டு காரில் கிளம்பினார்கள். எல்லோரும் தலைத்துணியைக் கஞ்சி போட்டு மடித்துக் கட்டி, கோடையிலும் மேலங்கி போர்த்தியிருந்தார்கள். ஸ்வைலிம் பெரியப்பா பக்கத்தில் உட்கார்ந்து வழி நெடுகப் பாடம் நடத்தினான்.

"சாவி. மறந்துடாதீங்க. முன்னாடி நான் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை. அப்புறம் சாவி."

"தப்புன்னு ஒரு வார்த்தை, அப்புறம் சாவி. எனக்கே சொல்லித் தர்றியா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் கோப்பைய கீழ வச்சவன்டா."

அதுதான் வினையாயிற்று.

நவ்வாஷின் வீட்டு வரவேற்பறையில் சுவரோரமாக மெத்தைகள் விரித்திருந்தன. நவ்வாஷ் வாசலில் நின்று ஒவ்வொருவரின் தோளிலும் முத்தமிட்டு உள்ளே அழைத்தான். வந்தவர்கள் எதற்கு வருகிறார்கள் என்று அவனுக்குத் தெரியும். ஹிக்மத்தின் பட்டறையில் வண்டி விட்ட எல்லோருக்கும் தெரியும். பெரியவர்களுக்குக் கதவை மூட முடியாது, ஆனால் சாவியை மறுக்க முடியும். அதற்காக நாலு நாளாக ஒரு பேச்சைத் தயார் செய்து, அதில் இரண்டு பழமொழியும் ஒரு தற்கொலையும் வைத்து, கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்தான். அவன் முகத்தில் பண்டிகைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்ட களை இருந்தது.

ஸ்வைலிம் வாசலுக்கு அருகில் உட்கார்ந்தான். நவ்வாஷின் தலைக்கு நேர் மேலே ஆணியில் அந்தச் சாவி தொங்கியது. ஸ்வைலிம் அதையே பார்த்தான். பார்த்தவர்கள், பையன் வெட்கத்தில் நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க மாட்டாமல் சுவரைப் பார்க்கிறான் என்று பிற்பாடு சொன்னார்கள்.

ஏலக்காய் மணக்கக் காபி வந்தது. அபு கலஃப் கோப்பையை வாங்கி, ஒரு நொடி கையில் வைத்திருந்து, தரைவிரிப்பில் வைத்தார். அவர் தொண்டையைச் செருமினார். கோப்பை தரையைத் தொட்டதும் அவருக்குள் எந்தப் பேச்சு கிளம்புமோ அதுவே கிளம்பிற்று. முந்நூறு தடவை ஓடிய வண்டி, திருப்பத்தில் யாரையும் கேட்காமல் தானே திரும்பிக்கொண்டது.

"எல்லாப் புகழும் இறைவனுக்கே. நவ்வாஷ், நல்ல வேரத் தேடி, நல்ல வாசலத் தேடி வந்திருக்கோம். இந்த வீட்டுக்கு இந்த ஊர்ல பேரு என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இறைவன் காட்டின வழிப்படி, நபி சொன்ன முறைப்படி, உங்க வீட்டு நற்குணமுள்ள பொண்ண எங்க பையன் ஸ்வைலிமுக்குக் கேட்டு வந்திருக்கோம். உங்க வாயால நல்ல வார்த்தை வந்தாத்தான் இந்தக் காபி."

ஸ்வைலிமுக்குக் காதுக்குள் அந்த ஏழு குழல் ஹாரன் அடித்தது.

பெரியவர்கள் ஆறு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சாவி என்று ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. ஜாஹாவில் முதல் ஆள் பேசும்போது குறுக்கே பேசுவது தாடியைப் பிடித்து இழுப்பதற்குச் சமம். பேசி முடித்த பிறகு, தெரியாமல் கேட்டுவிட்டோம், பெண் வேண்டாம், சாவி போதும் என்றால், நவ்வாஷின் பங்காளிகள் துப்பாக்கி தேடுவார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயமும் இருக்கும். பெரியப்பா மட்டும் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். பேச்சில் ஒரு சொல் பிசகவில்லை என்ற நிறைவு அவர் முகத்தில் இருந்தது.

நவ்வாஷின் நாலு நாள் ஒத்திகை தொண்டையிலேயே செத்தது. அந்த வீட்டில் கல்யாணமாகாத பெண் ஒருத்திதான், அவன் தங்கை வத்ஃபா. பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். முப்பத்தெட்டு வயது. பெண் கேட்டு வந்தவர்களை அவள் பார்க்காமல் அனுப்பியதில்லை. பார்த்து, ஒரு கேள்வி கேட்டு, பதில் சரியில்லை என்று அனுப்பியிருக்கிறாள். ஊரில் பாதிப் பெண்கள் அவளிடம் வாய்ப்பாடு படித்தவர்கள், மீதிப் பாதி அவர்களுடைய அம்மாக்கள். எல்லோருக்கும் அவளிடம் பயம், நவ்வாஷுக்குக் கொஞ்சம் கூடுதலாக.

"நீங்க வந்தது எங்களுக்குக் கௌரவம்," என்றான் நவ்வாஷ், குரல் எங்கேயோ போக. "அவள ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்." எழுந்து உள்ளே போனான்.

கதவுக்குப் பின்னால் ஒரு பெண் குரல் தாழ்ந்து கேட்டது. அதன் பிறகு நவ்வாஷின் குரல், பள்ளியில் பெஞ்சு மேல் நிற்பவன் குரல்.

காத்திருந்த நேரத்தில்தான் ஸ்வைலிமின் மனசுக்குள் அது நடந்தது. அதற்கு ஹிக்மத்தையோ ஐரோப்பாக்காரனையோ குறை சொல்ல முடியாது. சில வருஷம் முன்பு பாலைவன நெடுஞ்சாலையில் ஒரு பிக்கப் பஞ்சராகி நின்றது. பெண் ஒருத்தி தனியாக நிற்கிறாளே என்று ஸ்வைலிம் லாரியை ஓரங்கட்டி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்கிப் போனான். அவன் போய்ச் சேர்வதற்குள் வத்ஃபா கடைசி நட்டை முறுக்கி முடித்துவிட்டாள். "வந்தது வந்தீங்க, அந்த ஜாக்கிய எடுத்துப் பின்னாடி போடுங்க," என்றாள். போட்டான். அவ்வளவுதான் நடந்தது. நவ்வாஷின் தங்கை என்று பிறகு தெரிந்தது, அதோடு அந்த நினைப்பை மூட்டை கட்டிவிட்டதாக நினைத்திருந்தான். இப்போது ஆறுகிற காபியைப் பார்த்தபடி, சரி என்று சொல்லிவிடட்டும் என்று அவன் மனசு வேண்டியது. சாவிக்கு வந்தவன் சாவியை மறந்தே போனான். ஞாயிற்றுக்கிழமை, வரிசை, மச்சானின் லாரி ஒன்றும் நினைவில் இல்லை.

நவ்வாஷ் வெளியே வந்தான். கையை உயர்த்தி ஆணியிலிருந்து சாவியை எடுத்தான்.

"அவ சொன்னத அப்படியே சொல்லச் சொன்னா. என்மேல கோபப்படாதீங்க." தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "'எதுக்கு வந்திருக்காங்கன்னு ஊருக்கே தெரியும். சாவிக்கு வந்தவருக்குச் சாவியக் குடுங்க. பெரியவங்க வெறுங்கையோட போகக் கூடாது. எனக்குன்னு யாராவது வந்தா, அப்பப் பாத்துக்கலாம்.'"

சாவி ஸ்வைலிமின் உள்ளங்கைக்கு வந்தது. கேட்டு வந்தது கையில் இருந்தது. அதைவிடக் கேவலமாக எதுவும் அவனுக்குக் கிடைத்ததில்லை.

அடுத்த பிரச்சினை காபி. அபு கலஃப் கோப்பையைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார். "பொண்ணக் கேட்டோம், சாவியக் குடுத்தாங்க. இதக் குடிக்கிறதா, வேண்டாமா?"

"இல்லைன்னு சொல்லலையே," என்றார் ஒருவர்.

"ஆமான்னும் சொல்லல," என்றார் இன்னொருவர்.

"குடிக்காம போனா நவ்வாஷுக்கு அவமானம்."

"குடிச்சா பொண்ணு நிச்சயமாயிடுச்சுன்னு ஆயிடும்."

லாரி, மூளை, ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஒரு பக்கம் கிடக்க, அந்த ஒரு மடக்குக் காபியைப் பற்றி ஏழு பெரியவர்களும் மூச்சு வாங்க வாதாடினார்கள். கடைசியில் ஹாஜி ஸலாமா, இப்படிப்பட்ட சிக்கலுக்காகவே பிறந்தவர், தீர்ப்புச் சொன்னார்: பாதி காரியம் நடந்தது, பாதிக் காபி. அபு கலஃப் கோப்பையை எடுத்து உதட்டை நனைத்துக்கொண்டு மீதியைத் திரும்ப வைத்தார். அங்கே கோப்பையில் ஊற்றுவதே மூன்றில் ஒரு பங்கு. அதில் பாதி என்றால் தொண்டைக்குக் கூடப் போகாது. இருந்தாலும் அவர் முகம் சுளித்தார். கல்யாணம் இல்லாத காபி அவருக்குப் பழக்கமில்லை.

சனிக்கிழமை ஹிக்மத் வேலையை முடித்தான். பேட்டரி வயரைக் கழற்றி, கருகிய டப்பாவை எடுத்து, நவ்வாஷின் வண்டியிலிருந்து வந்த இரண்டு மூளைகளையும் அந்தந்த இடத்தில் வைத்து, இணைப்புகளைச் சொருகினான். கலர் விளக்குச் சரத்தையும் ஏழு குழல் ஹாரனையும் கழற்றி மூலையில் போட்டான். வெயில் மேல் அவனுக்கு அதுவரைக்கும்தான் நம்பிக்கை. ஸ்வைலிம் சாவியைத் திருகினான். எஞ்சின் உறுமியது. இண்டிகேட்டரைத் தட்டினால் இண்டிகேட்டர் எரிந்தது, வைப்பரைப் போட்டால் வைப்பர் ஓடியது, பிரேக்கை மிதித்தால் எங்கும் அமைதி. ஒரே ஒரு குறை. சாவியைத் திருகிய ஒவ்வொரு தடவையும் டேஷ்போர்டுத் திரை, பழைய பழக்கத்தில், 'நல்வரவு, நவ்வாஷ்' என்றது.

"இத அழிக்க முடியாதா?"

"அழிக்கலாம். ஆனா அத அழிக்கப் போய் அது வேற எதையாவது மறந்துட்டா நான் பொறுப்பில்ல."

ஸ்வைலிம் அப்படியே விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை எண்ணைக் கூப்பிட்டபோது வாசலில் அவன் லாரி நின்றது. பாஸ்பேட் ஏறியது. மச்சானின் லாரி கழுவியது கழுவியபடி திரும்பிப் போயிற்று. வேண்டியதெல்லாம் நடந்துவிட்டது. நெடுஞ்சாலை டீக்கடையில் அவன் உள்ளே வந்தாலே யாராவது சாவிக்கொத்தை எடுத்து ஆட்டுவார்கள். "பொண்ணு கேக்கப் போறேன், உங்க வீட்டுல எந்த மாடல் இருக்கு?" என்று ஒருவன் கேட்டான். ஸ்வைலிம் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். தானும் ஒரு காலத்தில் இதே கடையில் உட்கார்ந்துதான் தற்கொலைக் கதை சொன்னான் என்பதால் கோபப்படவும் முடியவில்லை. நவ்வாஷ் ஒரு நாள் எதிர் மேசையில் இருந்தான். அவனிடம் போய், "அன்னிக்கு அந்த லாரியப் பத்தி நான் பேசினது தப்பு," என்றான். "தெரியும்," என்றான் நவ்வாஷ், டீயில் ரொட்டியை நனைத்துக்கொண்டே. "இப்ப என் பேரச் சொல்லித்தான் வண்டி உன்னக் கூப்பிடுதாமே. எனக்கு அது போதும்."

செப்டம்பரில் பள்ளி திறந்தது. சுரங்கத்துச் சாலை பெண்கள் பள்ளியின் சுவரை ஒட்டிப் போகிறது. அந்த இடத்தில் மட்டும் ஸ்வைலிமின் லாரிக்கு ஹாரன் தானாக அடித்தது. போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. இறங்கி, மாட்யூல் மறுபடி கலங்கிவிட்டது போல என்று யாரும் கேட்காமலே வழியில் நிற்பவர்களிடம் சொன்னான். ஹிக்மத்திடமும் காட்டினான். ஹிக்மத் கேபிளைச் சொருகி, திரையைப் பார்த்து, ஸ்வைலிமைப் பார்த்து, முதல் தடவையாகப் பெருமூச்சு விடவில்லை.

"மாட்யூல்ல ஒரு குறையும் இல்ல, அபு ஆயித்."

"ஹாரன் அடிக்குதே."

"அடிக்கத்தான் செய்யும். அமுக்கினா."

மறுநாள் பள்ளிச் சுவரோரம் ஹாரன் அடித்ததும் வாட்ச்மேன் கையைக் காட்டி லாரியை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கச் சொன்னார். மாட்யூல் சொன்ன பேச்சைக் கேட்டுக் கண்ணாடியை இறக்கியது.

"டீச்சர் கேட்டு வரச் சொன்னாங்க," என்றார் வாட்ச்மேன், ஒப்பிக்கும் குரலில். "ஹாரன் கெட்டிருந்தா ஹிக்மத்கிட்ட போங்களாம். கெடலைன்னா உங்க பெரியப்பாகிட்ட போங்களாம். இங்க புள்ளைங்க வாய்ப்பாடு படிக்குதுங்களாம்."

ஸ்வைலிம் லாரியைப் பாதி வழியிலேயே திருப்பினான். ஏற்றிய பாரத்தோடு சந்து திரும்ப முடியாமல், முனையில் நிறுத்திவிட்டு நடந்தே பெரியப்பா வீட்டுக்குப் போனான். அபு கலஃப் முற்றத்தில் உட்கார்ந்து மருதாணிச் சாயம் போன தாடியைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா, அன்னிக்கு நவ்வாஷ் வீட்டுல பேசுனீங்களே, அத இன்னொரு தடவை பேசணும்."

அபு கலஃப் கண்ணாடியைக் கீழே வைத்தார். "இப்ப என்னடா கெட்டுப்போச்சு லாரியில?"

"லாரியில ஒண்ணும் கெடல, பெரியப்பா."

கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் கண் கலங்கியிருந்ததையும் பார்த்தார். கைத்தடியை ஊன்றி எழுந்து, உள்ளே திரும்பி மேலங்கியை எடுத்து வரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

"ஹாஜி ஸலாமாவுக்குப் போன் போடு," என்றார். "அங்க பாதிக் காபி பாக்கி இருக்கு."